அட்மினிஸ்ட்ரேட்டர் வெளிநாட்டில் இருக்கிறார்

வெளிநாட்டிலிருந்து லீவில் வருகிற ஆண்களுக்கு முதலில் பசி இருக்கும். அப்புறம் தூக்கம். இரண்டும் தீர்ந்த பிறகு, வீட்டில் எதையாவது பிரித்துப் போட்டு ரிப்பேர் பார்த்தே ஆகவேண்டும் என்று ஒரு வெறி வரும். அந்த லீவில் என் கணவருக்கு மாட்டியது என் கம்ப்யூட்டர்.

என் கம்ப்யூட்டர் என்று சொல்ல எனக்கு உரிமை உண்டு. என் சம்பளத்தில் வாங்கியது. கல்யாணத்துக்கு முன்னால் தூத்துக்குடி ஹார்பர் பக்கம் ஒரு கிளியரிங் ஆபீசில் வேலை பார்த்தேன். கல்யாணமாகி சாயர்புரம் வந்து, மகளும் பிறந்த பிறகு தினமும் பஸ் பிடித்துப் போய்வர முடியவில்லை. ஆபீஸ் முதலாளியை நாங்கள் எல்லோரும் அண்ணாச்சி என்போம். அவர்தான் வீட்டிலிருந்தே பாரு என்று வேலையை அனுப்பினார். கப்பலில் ஏறப்போகிற கன்டெய்னரில் என்ன சரக்கு, என்ன மதிப்பு, யாருக்குப் போகிறது என்று சுங்கத்துறை இணையதளத்தில் பதிய வேண்டும். அதற்கு ஷிப்பிங் பில் என்று பெயர். கடைசியில் அண்ணாச்சியின் டிஜிட்டல் கையெழுத்தைப் போட்டு அனுப்ப வேண்டும். அந்தக் கையெழுத்து பென்டிரைவ் மாதிரி ஒரு சின்ன டோக்கனுக்குள் இருக்கும். அதையே என்னிடம் கொடுத்து வைத்திருந்தார். "எங்கிட்ட இருந்தா தொலச்சிருவேம்மா, ஒங்கிட்டயே கெடக்கட்டும்" என்றார். தன் கையெழுத்தை நம்பிக் கொடுத்த ஒரு மனிதரைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மற்ற மனிதர் பின்னால் வருகிறார்.

கம்ப்யூட்டர் மெதுவாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. பொத்தானை அமுக்கிவிட்டுப் போய் காபி போட்டு, குடித்து, டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வந்தால் சரியாக இருக்கும். எனக்கு அது பழகிவிட்டது. அவருக்குப் பொறுக்கவில்லை. "இத வச்சா வேல பாக்க? ஃபார்மட் போட்டுருவோம்" என்று உட்கார்ந்துவிட்டார்.

சும்மா சொல்லக்கூடாது, நன்றாகத்தான் செய்தார். கூடவே கொண்டுவந்திருந்த எஸ்எஸ்டி என்கிற வேகமான புது டிஸ்க்கை மாட்டினார். உப்புக் காற்றில் பச்சை பூத்துக் கிடந்த யூஎஸ்பி வாய்களைப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தார். என் ஃபைல்களை எல்லாம் தனியே எடுத்து வைத்தார். வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்து விண்டோஸைப் புதிதாக ஏற்றினார். ஆன் செய்ததும் தானாக எழுந்து ஓடுகிற மென்பொருள்களை ஒவ்வொன்றாக நிறுத்தினார். கேட்காமல் வந்து உட்கார்ந்திருந்த விளையாட்டுகளைத் தூக்கி எறிந்தார். திரையில் ஜன்னல்கள் மிதந்து வந்து திறக்கிற ஜாலத்தையும் அணைத்தார். முடித்துவிட்டு என்னைக் கூப்பிட்டுப் பொத்தானை அமுக்கினார். நான் நாற்காலியை இழுத்துப் போடுவதற்குள் திறந்துவிட்டது. எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. அதையும் எழுத வேண்டும் அல்லவா.

திரையில் இரண்டு பெயர்கள் இருந்தன. ஒன்று அவருடைய முழுப் பெயர், இனிஷியலோடு. அதற்குக் கீழே 'ஹோம்'.

"ஹோமா? யாரு அது?"

"நீதான்" என்றார்.

எங்கள் பக்கம் ஆண்கள் பெண்டாட்டியை வெளியாளிடம் 'எங்க வீட்ல' என்றுதான் சொல்வார்கள். வீட்ல உடம்பு சரியில்லை, வீட்ல கேட்டுச் சொல்லுதேன். அதையே இங்கிலீஷில் போட்டிருக்கிறார். சிரித்துவிட்டுப் போயிருப்பேன். ஆனால் செட்டிங்ஸைத் திறந்து காட்டியபோது அவர் பெயருக்குக் கீழே அட்மினிஸ்ட்ரேட்டர் என்று இருந்தது. என் பெயருக்கு, அதாவது வீட்டுக்கு, ஸ்டாண்டர்டு யூசர் என்று இருந்தது.

"ஏளா, அதெல்லாம் சும்மா பேருதான். ஒன் வேலைக்கு ஸ்டாண்டர்டு போதும். எதையாவது அமுக்கி வைரஸ ஏத்திட்டன்னா, நா அங்கன இருந்துக்கிட்டு என்ன செய்ய?"

அந்த மிஷினில் அதுவரை வைரஸ் ஏறியது ஒரே ஒரு தடவை. அது அவர் முந்தின லீவில் புதுப்படம் இறக்கியபோது. அதைச் சொல்ல வாய் வரைக்கும் வந்தது. ஊருக்குக் கிளம்புகிற நேரத்தில் எதற்கு என்று விட்டுவிட்டேன். அவர் விமானம் ஏறிப் போனார்.

அடுத்த நாள் வேலைக்கு உட்கார்ந்து டோக்கனைச் சொருகினேன். மிஷின் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. டோக்கனை அடையாளம் காட்டுகிற டிரைவர் மென்பொருள் புதிதாக ஏற்றிய விண்டோஸில் இல்லை. இறக்கி இன்ஸ்டால் செய்யப் போனால், திரை இருண்டு ஒரு பெட்டி வந்தது. தொடர்வதற்கு அட்மினிஸ்ட்ரேட்டரின் கடவுச்சொல் வேண்டும். பெட்டியில் அவருடைய பெயர், இனிஷியலோடு.

போன் போட்டேன்.

"தம்பிட்ட சொல்லிட்டு வந்திருக்கேன். கூப்பிடு, வருவான்."

"பாஸ்வேர்ட எங்கிட்டச் சொன்னா என்ன?"

"நீ எங்கனயாவது எழுதி வப்ப. அவன் வருவான், கூப்பிடு."

கொழுந்தன் வந்தான். உரக் கம்பெனியில் ஷிப்ட் வேலை. பைக்கை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றாமலே உள்ளே வந்தான். கீபோர்டுக்கு முன்னால் குனிந்தவன் அப்படியே நின்றான்.

"மதினி, தப்பா நெனைக்காதீங்க. கொஞ்சம் அங்கிட்டுத் திரும்பிக்கிடுங்க. அண்ணன் அப்படித்தான் சொல்லிருக்கான்."

திரும்பினேன். என் வீட்டில், என் சம்பளத்தில் வாங்கிய மிஷினுக்கு முன்னால், சுவரைப் பார்த்து நின்றேன். சபைக் காலண்டர் தொங்கியது. அந்த மாதத்து பைபிள் வசனத்தைப் படித்தேன். பின்னால் டக்டக்கென்று தட்டுகிற சத்தம். "ஆச்சு மதினி" என்றான். அவமானம் என்றால் யாராவது நாலு பேர் முன்னால் திட்டினால் வருவது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். இப்படி அமைதியாகவும் வரும் என்று அன்றைக்குத் தெரிந்தது.

அப்புறம் பிரின்டருக்கு ஒரு தடவை. ஸ்கேனருக்கு ஒரு தடவை. கையெழுத்து மென்பொருளுக்கு அப்டேட் வரும்போதெல்லாம். ஒவ்வொரு முறையும் அவன் வருவான், நான் திரும்புவேன். நாளாக நாளாக அவன் சொல்லவே தேவையில்லாமல் போனது. அவன் செருப்பைக் கழற்றும்போதே நான் காலண்டர் பக்கம் திரும்பிவிடுவேன். பாவம், அவனுக்கும் கூச்சமாகத்தான் இருந்தது. கூச்சத்தோடு செய்தான், அவ்வளவுதான்.

ஒரு நாள் கொழும்பு போகிற கப்பலுக்கு ஒரு கன்டெய்னர். காய்ந்த பூவும் தாமரைக் காயும். அலங்காரத்துக்கு வெளிநாட்டில் வாங்குவார்கள். சாயங்காலத்துக்குள் பெட்டி துறைமுகத்துக்குள் போயாக வேண்டும். ஷிப்பிங் பில் இல்லாமல் வாசலில் விடமாட்டார்கள். எல்லாம் அடித்து முடித்துக் கையெழுத்துக்கு வந்தேன். மென்பொருள் பழசாகிவிட்டது, புதுசை ஏற்றினால்தான் கையெழுத்து விழும் என்றது. ஏற்றப் போனேன். திரை இருண்டது. இனிஷியலோடு அவர் பெயர்.

கொழுந்தன் ஷிப்டில் இருந்தான். கம்பெனிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. கணவருக்கு அடித்தேன், எடுக்கவில்லை. விஷயத்தை எழுதி, அவசரம், பாஸ்வேர்டை அனுப்புங்கள் என்று மெசேஜ் போட்டேன். கொஞ்ச நேரத்தில் இரண்டு நீல டிக் விழுந்தது. பதில் வந்தது.

'தம்பி வருவான். பொறு.'

பொறு என்று அடித்த விரலுக்குப் பாஸ்வேர்டை அடிக்க வரவில்லை. அதன் பிறகு அவர் ஆன்லைனில் இல்லை.

நானே முயன்றேன். அவர் பெயர், அவர் அம்மா பெயர், தம்பி பெயர், மகள் பெயர், பைக் நம்பர், அவர் படித்த பள்ளிக்கூடம். எதுவும் இல்லை. தப்பாக நிறைய தடவை அடித்துவிட்டீர்கள், பிறகு முயலுங்கள் என்று மிஷின் பூட்டிக்கொண்டது. ஆபீசிலிருந்து போன் மேல் போன். லாரி துறைமுக வாசலில் வரிசையில் நிற்கிறதாம். டோக்கனைப் பிடுங்கிக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு பஸ் ஏறினேன். பஸ் எல்லா ஸ்டாப்பிலும் நின்றது. ஆபீஸ் மிஷினில் சொருகியதும் கையெழுத்து ஒரு நொடியில் விழுந்தது. ஆனால் துறைமுகத்தில் நேரம் முடிந்து கதவை அடைத்திருந்தார்கள். பெட்டி வெளியே நின்றது, கப்பல் போய்விட்டது.

அண்ணாச்சி திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"ஒன் மேல தப்பில்லம்மா. ஆனா பார்ட்டி வேற ஆளப் பாத்துக்கிடுதேன்னுட்டான். கொஞ்ச நாளைக்கு வேல எல்லாம் இங்கனயே நடக்கட்டும், என்ன?" என்று டோக்கனுக்குக் கை நீட்டினார்.

கைக்குட்டையை அவிழ்த்துக் கொடுத்தேன். கொஞ்ச நாள் என்பது எவ்வளவு நாள் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

விஷயம் கேள்விப்பட்டுக் கொழுந்தன் ஓடி வந்தான். வாசலிலேயே நின்றுகொண்டு, "மதினி, இனி எனக்கு வேண்டாம் இந்த வேல. நீங்களே வச்சிக்கிடுங்க" என்றான். அப்புறம் பாஸ்வேர்டைச் சொன்னான்.

என் பெயர். என் பெயரும், அதற்குப் பின்னால் ஒன்று இரண்டு மூன்றும்.

நாசரேத்தில் இருக்கிற அக்காவிடம் போனில் சொன்னபோது அவள் உருகிவிட்டாள். "ஏளா, எம்புட்டுப் பாசம் பாரு! அங்கன கெடந்துக்கிட்டு ஒம்பேரையே நெனச்சிட்டிருக்காரு. எங்க வீட்டு மனுசன் எம்பேர எங்க வச்சிருக்காரு?" போனை வைத்துவிட்டேன். இல்லாவிட்டால் அவளையும் திட்டியிருப்பேன்.

அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. என்னிடம் ஏளா. வெளியே வீட்ல. மிஷினில் ஹோம். கல்யாணப் பத்திரிகையில் அச்சடித்ததோடு என் பெயரின் வேலை அந்த வீட்டில் முடிந்திருந்தது. அதை அவர் எடுத்துப் பயன்படுத்திய ஒரே இடம், என் வழியை மறித்துப் போட்ட பூட்டு. உலகத்தில் இருக்கிற பெயரையெல்லாம் அன்றைக்கு அடித்துப் பார்த்தேன். என் பெயரை மட்டும் அடிக்கத் தோன்றவில்லை. அவர் மனதில் அது இருக்கும் என்று எனக்கே நம்பிக்கை இல்லை. அந்தப் பூட்டுக்கு அதுதான் பலம்.

இரவு அவர் போன் செய்தார். வேலை போனதைச் சொன்னேன். "போனா போவுது, விடு. நாந்தான் சம்பாதிக்கேம்லா" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். அதனால்தான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

பாஸ்வேர்ட் தெரிந்துவிட்டதே, அதோடு விட்டிருக்கலாம். எனக்கு மனது வரவில்லை. மகள் பள்ளிக்கூடம் போன ஒரு காலையில், அவர் பார்த்த அதே வீடியோக்களைப் பார்த்து, பென்டிரைவில் விண்டோஸை ஏற்றி, எல்லாவற்றையும் அழித்தேன். அழிந்தது அழிந்ததுதான், சம்மதமா என்று மிஷின் கேட்டது. சம்மதம் என்றேன். எந்த நாடு என்றது, எந்த கீபோர்டு என்றது. கடைசியில், உங்கள் பெயர் என்ன என்றது. அடித்தேன். இனிஷியலோடு அடித்தேன், என் அப்பாவின் இனிஷியல். பிறகு அவர் செய்ததை எல்லாம் ஒன்று விடாமல் நானும் செய்தேன். தேவையில்லாததை நிறுத்தினேன், குப்பையை எறிந்தேன், அப்டேட் போட்டேன், யூஎஸ்பி வாயைப் பிரஷ்ஷால் துடைத்தேன். யாரும் வரவில்லை. நான் எங்கும் திரும்பவில்லை.

அன்றைக்கே கணவருக்குச் செய்தி போய்விட்டது. மகள் சொல்லியிருப்பாள்.

"நீயே ஃபார்மட் போட்டியாமே? பரவால்லியே. பாஸ்வேர்ட் என்ன வச்சிருக்க?"

"ஒங்க பேருதான்."

சிரித்தார். அக்கா மாதிரியே உருகியிருப்பார் போல.

மிஷின் இப்போது பிரமாதமாக ஓடுகிறது. அதற்குத்தான் வேலை இல்லை. ஹார்பர் ரோட்டில் தெரிந்த ஆபீஸ்களுக்கெல்லாம் எழுதிப் போட்டேன். கப்பலை விட்டவள் என்கிற பேச்சு எனக்கு முன்னால் அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. மகள் எப்போதாவது படம் வரைவாள். மற்ற நேரம் மேலே துணி போட்டு மூடி வைத்திருக்கிறேன், உப்பு ஏறாமல் இருக்க.

அடுத்த லீவில் வந்தவர், திரும்பிப் போகிற டிக்கெட்டை அடித்தெடுக்க வேண்டும் என்று அதன் முன்னால் உட்கார்ந்தார். தன் பெயரை அடித்தார். திறக்கவில்லை. இனிஷியலோடு அடித்தார். ஒன்று இரண்டு மூன்று சேர்த்தார். பெரிய எழுத்தில் அடித்துப் பார்த்தார். நான் காலண்டருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

"ஏளா, எம்பேருன்னுதான சொன்ன?"

பக்கத்தில் போய்க் கீபோர்டை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

"அங்கிட்டுத் திரும்பிக்கிடுங்க" என்றேன்.

விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்து என் முகத்தைப் பார்த்தார். பிறகு நாற்காலியோடு சுவர்ப் பக்கம் திரும்பினார். நான் அடித்தேன். உடனே திறந்தது. உள்ளே பார்க்கத்தான் ஒன்றுமில்லை.