மேசைமேல் மிட்டாய்ப் புட்டிகள்

வீட்டில் அவளைச் சின்னவள் என்றுதான் கூப்பிடுவார்கள். அப்பா இல்லை. அம்மாவுக்கு இஸ்திரிக் கடை, அண்ணனுக்கு லாரி ஆபீசில் வேலை. மருந்தாளுநர் படிப்புக்கு அவளை வெளிநாடு அனுப்பியபோது, பாடமெல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு என்று இருவரும் நம்பினார்கள். பாடத்தில் குறையில்லை. பேச்சுதான் வரவில்லை.

எழுதச் சொன்னால் வகுப்பில் அவள்தான் முதல். நோயாளியிடம் மருந்தைப் பற்றி எடுத்துச் சொல்லும் பயிற்சி என்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். கேட்டது புரியாவிட்டால் "யெஸ், யெஸ்" என்று தலையாட்டிவிடுவாள். ஆசிரியை ஒருநாள் அவளை நிறுத்திக் கேட்டாள்.

"வகுப்புக்கு வெளியே யார்கூட இங்கிலீஷ் பேசுற?"

சொல்வதற்கு யாருமில்லை. உடன் தங்கியிருந்த இரண்டு பெண்களும் தமிழ். சமையல், சண்டை எல்லாம் தமிழில்தான். பகுதிநேர வேலை மருத்துவமனைச் சலவைக்கூடத்தில். இயந்திர இரைச்சலில் அங்கே எல்லாருக்கும் கைச்சாடைதான். பேருந்தில் ஒருமுறை துணிந்து, மழை வருமா என்று பக்கத்தில் இருந்தவளைக் கேட்டாள். அந்தப் பெண் தன் பையை மடிக்கு இழுத்துக்கொண்டாள்.

அதன் பிறகுதான் நூலகச் சுவரில் அந்த அறிவிப்பைப் பார்த்தாள். பேச ஆள் வேண்டுமா, கூப்பிடுங்கள், கட்டணம் இல்லை. தனக்கென்றே ஒட்டியதுபோல இருந்தது. மனமுடைந்தவர்களுக்கான எண் அது என்பது அவளுக்குத் தோன்றவேயில்லை.

போனை எடுத்த அம்மாள் நிதானமாகப் பேசினாள். சின்னவளுக்கு வார்த்தை சிக்காத இடங்களில் காத்திருந்தாள். புதன்கிழமைகளில் கூப்பிட்டால் அதே குரல் வரும் என்று தெரிந்தபின் அவள் புதன்கிழமை தவறவிடவில்லை. சலவைக்கூடத்தைப் பற்றிச் சொன்னாள், அம்மாவைப் பற்றிச் சொன்னாள். விலாசம் கேட்டபோது அதையும் தட்டுத்தடுமாறிச் சொன்னாள். அதுவும் பயிற்சிதானே.

வாய்மொழித் தேர்வுக்கு முந்தின மாலை, காலி மருந்துப் புட்டிகளில் மிட்டாய் நிரப்பி ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தாள். நடுவில் அந்த எண்ணுக்குக் கூப்பிட்டாள்.

"மாத்திரை எல்லாம் எண்ணி வச்சிட்டேன். நாளைக்கு எல்லாம் முடிஞ்சிடும்" என்றாள், தனக்கு வந்த ஆங்கிலத்தில்.

மறுமுனையில் அந்த அம்மாள் தணிந்த குரலில், நீளமாக ஏதோ கேட்டாள்.

"யெஸ், யெஸ்" என்றாள் சின்னவள்.

அவள் புட்டிகளை அடுக்கி முடிப்பதற்குள் கதவு தட்டப்பட்டது. உடன் தங்கியிருந்தவர்களில் மூத்தவள், இவள் அக்கா என்று கூப்பிடுகிறவள், வெளிறிப்போய் ஓடிவந்தாள்.

"போலீஸ்டி. ஆம்புலன்ஸும் நிக்குது. என்னத்தப் பண்ணித் தொலைச்ச?"

பதிலுக்குக் காத்திராமல் சின்னவளின் அண்ணனுக்குப் போன் போட்டுவிட்டாள்.

பெண் போலீஸ் ஒரு புட்டியைத் திறந்து முகர்ந்தாள். சின்னவள் வாய்க்கு வந்த ஆங்கில வார்த்தைகளை அள்ளிப்போட்டாள்.

"மிட்டாய். பரீட்சை. நான் நடிக்கிறேன்."

ஒத்திகை என்று சொல்ல வந்தவள் நடிக்கிறேன் என்றதும் காரியம் இன்னும் கெட்டது. வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பெண் போலீஸ் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, சின்னச் சின்ன வார்த்தைகளாகக் கேட்டாள்.

"நீ நல்லா இருக்கியா?"

இது முழுசாகப் புரிந்தது. யெஸ் சொல்ல வாயைத் திறந்தாள். அழுகைதான் வந்தது. அடக்க அடக்க நிற்கவில்லை. மிட்டாயை அவர்கள் நம்பினார்கள். அந்த அழுகையை விட்டுவிட்டுப் போக மனமில்லாமல் அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். மறுநாள் தேர்வு நேரத்தில் அவள் ஒரு மருத்துவரின் எதிரில் இருந்தாள். அங்கேதான் முதன்முறையாக, "புரியலை, இன்னொரு தடவை சொல்லுங்க" என்றாள்.

அன்று மாலை அம்மா பேசினாள்.

"படிச்சது போதும், கிளம்பி வந்துடு."

"அம்மா, அது வெறும் மிட்டாய்மா."

"மிட்டாய்னா எதுக்குடி அழுத?"

தமிழில் கேட்ட கேள்விதான், ஆனாலும் சின்னவள் "சாப்பிட்டியாம்மா?" என்று பேச்சை மாற்றினாள்.

அவள் ஊருக்குப் போகவில்லை. தேர்வுக்கு வேறு தேதி கொடுத்தார்கள், தட்டுத்தடுமாறித் தேறிவிட்டாள். அண்ணன் இப்போதும் முதலில் அக்காவுக்குத்தான் போன் போடுகிறான். "நல்லாத்தான் இருக்கா, சாப்பிட்டா, காலையில சிரிச்சா" என்று அக்கா சமையலறையில் குரலைத் தாழ்த்திச் சொல்வது இவளுக்குக் கேட்கும். கொஞ்ச நேரம் கழித்து இவள் போன் அடிக்கும். எதுவும் தெரியாதவள்போல எடுப்பாள்.