குடம் அலம்பிய தண்ணீர்

முப்பது வருடம் அரச நிர்வாகத்தில் இருந்தவன் ஓய்வுபெற்ற பிறகு செய்யக்கூடாத காரியம் ஒன்று உண்டென்றால், அது ஊர்க் கூட்டத்தில் பேனாவைக் கையில் வாங்குவது. நான் வாங்கினேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. சண்டிலிப்பாய் வாடகை வீட்டை விட்டு, வடமராட்சிக் கடற்கரையை அண்டிய மனைவியின் ஊருக்கு வந்திருந்தோம். நாங்கள் இருவர், கூடவே எங்கள் நாய். வீட்டு வளவுக் கிணற்றில் தண்ணீருக்குக் குறைவில்லை, ஆனால் உவர். குளிக்கலாம், துவைக்கலாம். குடிக்க ஊருக்கெல்லாம் ஒரேயொரு நல்ல தண்ணீர்க் கிணறு. மழைக்கு முந்திய மாதங்களில் அதையும் கண்டபடி அள்ளினால் உவர் ஏறிவிடும். ஆகவே வீட்டுக்கு நாளொன்றுக்கு இரண்டு குடம் என்று கூட்டம் தீர்மானித்தது. விதிகளை எழுதியவன் நான். மூன்றாம் பிரிவு என் சொந்தச் சேர்க்கை: இத்தண்ணீர் மனிதர் குடிக்கவும் சமைக்கவும் மட்டுமே.

அடுத்த கிழமையே, கிணற்றடியில் குடியிருந்த பெண் தன் கன்றுக்குட்டிக்கு அதில் ஒரு வாளி வைத்ததைக் கண்டேன். நாலு பேர் முன்னால் மூன்றாம் பிரிவை வாசித்துக் காட்டினேன். அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். அதை நான் வெற்றி என்று எடுத்துக்கொண்டேன்.

நாய்க்கு வைத்தது வளவுத் தண்ணீர்தான். அந்த ஊரில் எந்த வீட்டு நாய்க்கும் அதுதான். அவை அதிலேயே பிறந்து வளர்ந்தவை. எங்களுடையது அப்படியல்ல, சண்டிலிப்பாய் நல்ல தண்ணீரில் வளர்ந்தது என்பது எனக்குத் தோன்றவில்லை. மாரியில் பிழையில்லாமல் குடித்தது. கோடை முற்றியதும் சட்டியை மோந்துவிட்டுத் திரும்பியது. பிறகு தாகம் தாங்காமல் குடித்தது, குடித்ததைச் சத்தி எடுத்தது. ஒரு காலை எழும்பவே இல்லை.

பொருளாதாரத் தடையில் பெற்றோல் இல்லாத காலம். நாயைப் பனையோலைக் கடகத்தில் வைத்து, சைக்கிள் கரியரில் கட்டி, கரவெட்டிப் பக்கம் இருந்த மிருக வைத்தியரிடம் உருட்டிக்கொண்டு போனேன். அவர் கழுத்துத் தோலைக் கிள்ளி விட்டார். கிள்ளியபடியே நின்றது.

“என்ன தண்ணி வைக்கிறனீங்கள்?”

“கிணற்றுத் தண்ணி.”

“குடிச்சுப் பாத்தனீங்களோ?”

நான் குடித்துப் பார்க்கவில்லை.

“உப்பு ஏற ஏற விடாய்க்கும். விடாய்க்கிறதுக்கு நீங்கள் திரும்பவும் உப்பையே குடுக்கிறியள். ஏத்திறதுக்கு என்னட்டைச் சேலைன் இல்லை. நல்ல தண்ணி குடுங்கோ, கொஞ்சம் கொஞ்சமா. ரெண்டு நாளுக்குள்ளை பிடிக்காட்டில் பிறகு கஷ்டம்.”

வீட்டுக்கு வந்ததும் மனைவி குடத்தில் செம்பை விட்டாள். நான் தடுத்தேன்.

“இஞ்சருங்கோ, ஒரு செம்பு குடுத்தால் ஆருக்குத் தெரியப்போகுது?”

“கன்றுக்காரிக்கு என்ன சொல்லுறது?”

“அப்ப நாய் சாகட்டும். மூண்டாம் பிரிவைத் துணைக்குக் கட்டிப்போட்டுப் படுங்கோ.”

சட்டியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன். பெண்கள் வரிசையாக நின்றார்கள். கன்றுக்காரிதான் முதலில் கண்டாள்.

“என்ன ஐயா சட்டியோடை? உங்கடை ரெண்டு குடமும் அம்மா கொண்டு போயிட்டாவே.”

“நாய்க்குச் சுகமில்லை. உவர் ஒத்துவரவில்லை.”

“நாய் மனிசரோ ஐயா?”

“கவுண்மேந்து நாயெல்லே,” என்றது பின்னால் ஒரு குரல். “பென்சன் இருக்கும்.”

அவர்கள் சிரித்து முடியும்வரை நின்றேன். விதியைத் திருத்தலாம் என்றேன்.

“திருத்திறதெண்டால் ஏழு நாள் முன்னறிவித்தல் வேணும். அந்தா, தூணிலை ஒட்டிக் கிடக்கு, உங்கடை எழுத்துத்தான்,” என்றாள் கன்றுக்காரி.

“ஏழு நாள் அவன் தாங்கமாட்டான்,” என்றேன்.

அவள் சிரிப்பை நிறுத்தினாள். “குடத்தை அலம்பி ஊத்திற தண்ணியைப் பற்றி என்ன எழுதினனீங்கள்?”

ஒன்றும் எழுதவில்லை. நிரப்புவதற்கு முன் ஒவ்வொருத்தியும் ஒரு சிறங்கை, கையளவு, நல்ல தண்ணீர் விட்டுக் குடத்தை அலம்பிக் கீழே ஊற்றுவாள். அது எனக்குத் தண்ணீராகவே தெரிந்ததில்லை.

“நீங்கள் வாசிச்ச நாள் தொடக்கம் எங்கடை கண்டுக்குட்டி அதைத்தான் குடிக்குது,” என்றாள். பிறகு வரிசையைப் பார்த்து, “இண்டைக்கு எல்லாரும் ஐயாவின்ரை சட்டிக்கை ஊத்துங்கோ. கண்டு பின்னேரம் குடிக்கும்.”

பன்னிரண்டு குடங்கள் அலம்பப்படும்வரை சட்டியைப் பிடித்துக்கொண்டு குந்தியிருந்தேன். ஒருத்தி வேண்டுமென்றே இரண்டு தரம் அலம்பினாள்.

அன்று முழுக்க மனைவி கரண்டியால் கடைவாயில் விட்டாள். பாதி வழிந்தது. மாலையில் சத்தி நின்றது. அடுத்த நாள் தானாகவே சட்டிக்குள் நாக்கை நீட்டியது. தோலைக் கிள்ளிப் பார்த்தேன். மெதுவாக, ஆனால் திரும்பிப் படிந்தது. இன்னும் சலம் போகவில்லை, ஒரு சொட்டுச் சிறுநீரும் இல்லை என்பதுதான் மிச்சமிருந்த கவலை.

மூன்றாம் நாள் காலை அது தள்ளாடி எழுந்து, முருங்கையடிக்குப் போய், காலைத் தூக்கி நெடுநேரம் நின்றது.

“போறான், போறான்!” என்று மனைவி குசினி வாசலில் நின்று கத்தினாள்.

நான் சட்டியைக் கழுவிக்கொண்டு அன்றைய அலம்பல் தண்ணீருக்குக் கிணற்றடிக்குப் போனேன். எனக்கு முன்னால் ஆறு பேர் நின்றார்கள்.