ஆமென் வரைக்கும் இருபது

எங்கள் வீட்டில் வீட்டுக்காரன் கண்ணை மூடி ஜெபம் செய்து ஆமென் சொல்லும்வரை யாரும் சோற்றில் கை வைப்பதில்லை. தட்டில் கேப்பைக் களி இருந்தாலும் கறிக்குழம்பு இருந்தாலும் அந்த ஒரு சொல்லுக்குக் காத்திருக்க வேண்டும். இந்த வழக்கம் ஒரு நாள் என்னை மூலையில் தள்ளி நிறுத்தும் என்று கல்யாணத்தின்போது நான் நினைக்கவில்லை.

கல்யாணமான புதிதில் விழுப்புரத்தில் மாமனார் வீட்டுக்கு அடிக்கடி போவோம். அவர் ரயில்வேயில் தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன். அவருடைய ஜெபமும் பாசஞ்சர் வண்டிதான். விழுப்புரத்தில் புறப்பட்டு முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி, பேரணி, மயிலம் என்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் வேலை செய்கிறவர்களுக்காக நின்று நின்று போகும். நான் அரைக்கண்ணைத் திறந்து தட்டில் உட்காரும் ஈக்களை எண்ணுவேன். ஒருமுறை என் தட்டில் மட்டும் பதினான்கு. பக்கத்திலிருந்து என் மனைவி கிசுகிசுப்பாள்: "இன்னும் திண்டிவனம் வரல. பொறுங்க."

எண்ணுவது என் பிறவிக் குணம். கூரையைப் பார்த்தால் வாரைகளை எண்ணுவேன், கூட்ஸ் வண்டி போனால் பெட்டிகளை எண்ணுவேன். நடுவில் யாராவது பேச்சுக் கொடுத்துக் கெடுத்துவிட்டால் அன்றைக்கு முழுவதும் எரிச்சல்.

யுத்த காலத்தில் திண்டிவனத்திலிருந்து நாலு மைல் தள்ளி ஒரு சேரியில் வாத்தியாராக இருந்தேன். நானும் அப்படி ஒரு தெருவில் பிறந்தவன்தான். கூரைப் பள்ளிக்கூடம், இருபத்தேழு பிள்ளைகள். போதகர் மாதம் ஒருமுறை சைக்கிளில் வருவார். மற்ற ஞாயிறுகளில் ஆராதனை நடத்துவதும், சாவு விழுந்தால் கல்லறையில் ஜெபிப்பதும் என் பொறுப்பு. தெருவில் பாதிப் பேர் எங்கள் சபை, பாதிப் பேர் மாரியம்மனைக் கும்பிடுகிறவர்கள். எல்லோருக்கும் கூலி வேலை, ஒருவருக்கும் சொந்த நிலம் கிடையாது. அரிசி கண்ணில் படாத காலம் அது. பிள்ளைகள் மத்தியானத்துக்கு மடியில் வறுத்த வேர்க்கடலை, எங்கள் பக்கத்துப் பேச்சில் மல்லாட்டை, கட்டிக்கொண்டு வரும்.

மழை விட்டதும் வாந்திபேதி வந்தது. கிணற்றில் சிவப்பு மருந்து கரைத்து ஊற்றினார்கள். பள்ளிக்கூடத்தை மூடச் சொன்னார்கள். கூட்டம் கூடக்கூடாது என்று ஞாயிறு ஆராதனையும் நின்றது. கூப்பிட்ட வீட்டுக்கெல்லாம் போனேன். உப்புக் கஞ்சியைக் கரண்டி கரண்டியாகப் புகட்டினேன். முழங்காலில் நின்று தொண்டை கட்டும்வரை ஜெபித்தேன்.

நோய் அடங்கிய பிறகு என் குணம் சும்மா இருக்கவில்லை. வீட்டுக்கு ஒன்றாகப் பிள்ளை படுத்த வீடு பதினாறு. நான் ஜெபித்த வீடு எட்டு. அதில் பிழைத்த பிள்ளைகள் நாலு. வேப்பிலை கட்டி மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்ட வீடு எட்டு. அங்கேயும் பிழைத்தது நாலு. திரும்பத் திரும்ப எண்ணினேன். கடவுளுக்கு எங்கள்மேல் கோபம் என்றால் கணக்கு ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். அன்பு என்றால் மறுபக்கம் சாய்ந்திருக்கும். சாயவே இல்லை. தராசில் யாருமே கை வைக்காததுபோல் நேராக நின்றது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

கடைசியாக அடக்கம் செய்த பையனின் தகப்பன் ஏர் ஓட்டுகிறவன். மண்ணைத் தள்ளி முடித்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டே என்னிடம் கேட்டான்:

"வாத்தியாரே, எம்புள்ளைக்கு ஜெபம் பண்ணீங்களே, ஒண்ணும் உடாம சரியாத்தான பண்ணீங்க?"

சண்டைக்குக் கேட்கவில்லை. வண்டிக்கு அச்சாணி போட்டாயிற்றா என்று கேட்பதுபோல் கேட்டான்.

"சரியாத்தான் பண்ணேன்" என்றேன்.

"அப்ப சரி" என்று மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

அன்று சாயங்காலம் தட்டின் முன் உட்கார்ந்து கண்ணை மூடினேன். ஒரு வார்த்தை வரவில்லை. எதற்கென்று நன்றி சொல்வது? ஆனால் எதிரே மனைவி காத்திருந்தாள். ஆறு மாதக் கர்ப்பம், நல்ல பசி. மனசுக்குள் இருபது வரை எண்ணிவிட்டு "ஆமென்" என்றேன். அவளும் "ஆமென்" என்று சாப்பிட்டாள். துக்கத்தில் மௌனமாக ஜெபிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டாள். மறுநாளும் இருபது. கடவுள் இல்லாமலேயே குடித்தனம் நடத்த ஒரு வழி கிடைத்துவிட்டதென்று எனக்குக் கொஞ்சம் நிம்மதிகூட வந்தது.

பாயிண்ட்ஸ்மேன் மகளை எத்தனை நாள் ஏமாற்ற முடியும்? இரண்டாவது வாரம் தட்டை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"ஏங்க, எங்கப்பா ஜெபம் ஒரு நாளு மயிலத்துல நிக்கும், ஒரு நாளு நிக்காம திண்டிவனம் போயிடும். உங்க வண்டி மட்டும் எப்படி தெனம் ஒரே நேரத்துக்கு வந்து நிக்குது?"

"மனசுக்குள்ள பண்றேன்."

"மனசுக்குள்ள பண்ணா வெரலு ஏன் தொடையில தட்டிக்கினு இருக்குது?"

குனிந்து பார்த்தேன். விரல் அங்கேதான் இருந்தது.

"எண்ணிக்கினு இருந்தேன்."

"எத்தினி வரைக்கும்?"

"இருவது."

"அடப் பாவமே! இத்தினி நாளா நான் இருவதுக்கா ஆமென் சொல்லிக்கினு இருந்தேன்?" என்று சிரித்துவிட்டாள். பிறகு சிரிப்பு நின்றது. தட்டைத் தள்ளி வைத்தாள்.

"என்னால இனிமே ஜெபம் பண்ண முடியாது. நீயே பண்ணிட்டுச் சாப்பிடு" என்றேன்.

"நான் பண்ணா வீட்டுக்காரு இல்லன்னு அர்த்தம். நீங்க குத்துக்கல்லாட்டம் எதிர்ல உக்காந்துக்கினு இருக்கறீங்க."

"வயித்துல புள்ள இருக்குது."

"தெரியாதா எனக்கு? வாயில வெச்சா எறங்க மாட்டேங்குது. நான் என்ன பண்ணட்டும்?"

அது பிடிவாதம் இல்லை. என் கண்ணெதிரே களியை உருட்டி வாய்வரை கொண்டுபோய், திரும்பத் தட்டில் வைத்தாள். அன்றைக்கும் சாப்பிடவில்லை, மறுநாள் காலையும் சாப்பிடவில்லை. மத்தியானம் குடத்தை இறக்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டாள். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. பழைய ஜெபத்தில் ஒன்றை ஒப்பித்துவிடலாம்தான். ஆனால் கண்டுபிடித்துவிடுவாள். வாசலில் மேய்ந்த கோழியைத் திட்டினேன். கோழி என்ன செய்யும்?

உள்ளே வந்து உட்கார்ந்தேன். "நம்பாததச் சொல்ல மாட்டேன்."

"உங்கள நம்பச் சொல்லி யாரு கேட்டா? அந்த எண்ணறதயாவது வாயத் தொறந்து எண்ணுங்க. கேக்கறவரு கேட்டா கேக்கட்டும், கேக்காட்டி போவட்டும். ஜல்தியா பண்ணுங்க, பசி உயிரு போவுது."

கண்ணை மூடி "ஒண்ணு" என்றேன். அந்த எண்ணோடு, முன்வரிசையில் மூக்கொழுகிக்கொண்டு உட்காரும் பையன் வந்து நின்றான். அவன் பெயரைச் சொன்னேன். "ரெண்டு" என்றதும், மல்லாட்டையைத் தோலோடு தின்கிற பெண். எட்டு வரை போனேன், செத்துப்போன சபைப் பிள்ளைகள் நாலு, மாரியம்மன் வீட்டுப் பிள்ளைகள் நாலு. பிறகு பிழைத்த எட்டுப் பேர். பதினாறோடு பெயர்கள் தீர்ந்துவிட்டன. பாதியில் நிறுத்த எனக்கு வராது.

"பதினேழு, ஏர் ஓட்டறவன் கேட்டதுக்கு நான் பதில் சொல்லிட்டேன், நீர் இன்னும் சொல்லல. பதினெட்டு, இந்தக் கணக்கு எனக்கு வெளங்கல. பத்தொம்பது, எனக்கு உம்மேல கோவம். இருவது, இவ பசியா இருக்கறா."

"ஆமென்" என்றாள், நான் சொல்வதற்கு முன்பே. கண்ணைத் திறந்தபோது முதல் உருண்டை உள்ளே போயிருந்தது.

அன்றைக்கு யாரோ கேட்டதாக எனக்குத் தோன்றியது என்று எழுதினால் பொய். ஆனால் கோபப்பட எனக்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது. அந்த அளவுக்கு அவர் இருந்தார். அதற்கு மேல் இன்றுவரை நான் போகவில்லை. அதிலிருந்து இறங்கவும் இல்லை.

ஆராதனை மறுபடி தொடங்கிய ஞாயிற்றுக்கிழமை, சபையின் முன்னும் அந்தப் பெயர்களையே சொன்னேன். மாரியம்மன் வீட்டுப் பிள்ளைகளையும் சேர்த்துச் சொன்னதில் சிலருக்கு முகம் கோணியது. ஏர் ஓட்டுகிறவன் பின்னால் உட்கார்ந்து ஒவ்வொரு பெயருக்கும் ஒரு விரலை மடக்கிக்கொண்டிருந்தான். முடிந்ததும் பக்கத்தில் இருந்தவனிடம், "பாரு, ஒண்ணு உடல" என்றான்.

எங்கள் மகள் விழுப்புரத்தில் பிறந்தாள். அன்று மாமனாரின் ஜெபம் எழும்பூர் வரை போனது.

இப்போது நாங்கள் இருவரும் விழுப்புரத்தில்தான் இருக்கிறோம். என் ஜெபம் இன்னும் எண்ணிக்கைதான், குறைகளே அதிகம். முழங்கால் வலி, எதிர்வீட்டு ரேடியோ, யார் வீட்டிலாவது படுத்திருக்கும் பிள்ளை. நேற்று ரசத்தில் புளி தூக்கலாக இருப்பதையும் பதினொன்றாவதாகச் சேர்த்தேன்.

"அத எங்கிட்ட சொல்லுங்க. அவருகிட்ட ஏன் கோள் மூட்டறீங்க?" என்றாள் மனைவி. ஆமென் சொல்லிவிட்டு, ஒரு வாய் சாப்பிட்ட பிறகுதான் கேட்டாள்.