பிலோமினா அக்காவின் ‘காணாது’

“அம்மா போயிட்டா அன்ரி” என்று ரொறன்ரோவிலிருந்து பிலோமினா அக்காவின் மகள் தொலைபேசியில் சொன்னபோது நான் மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். கையைக்கூடக் கழுவாமல் கதிரையில் இருந்துவிட்டேன். பிலோமினா அக்காவுக்குச் சாவு வரும் என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. அவரை அறிந்த உங்களுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்.

எண்பதுகளின் கடைசியில் ஊர்காவற்றுறையில் ஒரு சிறிய கணினி நிலையத்தில் நாங்கள் இருவரும் வேலை செய்தோம். இருந்தது ஒரே ஒரு கணினி. ஊராருக்குக் கடிதம் அடித்த நேரம் போக, அக்கா அதில் பெரிய வெள்ளிக்கு, இயேசுவின் பாடுகளைச் சொல்லும் பாஸ்கா நாடகத்தை எழுதினார். தாளில் ஒரு வரி கிடையாது. அச்சுப்பொறிக்கு நாடாவும் கிடைக்கவில்லை. “யூதாசுக்கு நல்ல வசனம் குடுக்காட்டி ஆர், பிள்ளை, நடிக்க வருவினம்?” என்று சொல்லிச் சொல்லியே யூதாசுக்குப் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளினார்.

தவக்காலம் பாதி கடந்தபோது புதிய தமிழ் எழுத்து மென்பொருள் ஒன்று வந்து சேர்ந்தது. அக்காவுக்குப் பொறுமை ஏது! இடமிருக்கிறதா என்று பாராமலே ஏற்றத் தொடங்கினார். வன்தட்டு நிரம்பி, வேலை பாதியில் நின்றது. அணைத்துவிட்டுப் போட்டால் கணினி எழும்பவேயில்லை. நாடகம் முழுவதும் அதற்குள்ளே. ஒத்திகைக்கு ஆட்கள் வரவிருந்தார்கள்.

தபால் கந்தோருக்கு ஓடி, கணினி விற்ற கொழும்புக் கடைக்கு அழைத்தோம். சென்னையிலிருந்து அங்கே வேலைக்கு வந்திருந்த ஒருவர் எடுத்தார். நானும் காதை ஒட்டிக்கொண்டு கேட்டேன்.

“தம்பி, ஏத்தேக்கை டிஸ்க் காணாது எண்டு நிண்டிட்டுது. இப்ப எழும்புதில்லை.”

“டிஸ்க்கே காணோமா? அப்போ ஃபார்மட் பண்ணிடுங்க மேடம், வேற வழியில்ல.”

ஃபார்மட் என்றால் தட்டை முழுவதுமாகத் துடைப்பது. தட்டே போனபின் நாடகம் ஏது என்று அக்கா வழியெல்லாம் அழுதார். திரும்பி வந்து, ஃபிளொப்பி என்கிற நெகிழ்தட்டைப் போட்டுக் கணினியைத் தொடக்கி, கட்டளையை அடித்தார். எல்லாம் அழியும், சம்மதமா என்று திரை கேட்டது. சம்மத விசையின்மேல் அவர் விரல். அழுத்தாமல் என் பக்கம் திரும்பினார்.

“பொறும் பிள்ளை. அவன் ‘காணோமா’ எண்டெல்லோ கேட்டவன்?”

“ஓம் அக்கா.”

“அட கடவுளே! நான் ‘காணாது’ எண்டு போதாது எண்டதைச் சொன்னன். அவன் துலைஞ்சுபோச்சு எண்டு விளங்கிட்டான்!”

அழுத கண்ணோடு விழுந்து விழுந்து சிரித்தார். ‘இல்லை’ என்று அடித்துவிட்டுத் தட்டைத் திறந்து பார்த்தோம். கோப்புகள் வரிசையாக வந்தன. நாடகத்தின் பெயரும் வந்தது.

“பேர் கிடக்கு. உள்ளுக்கு என்ன கிடக்கோ தெரியாது. அவதிப்படாதையும்.”

அவசரத்துக்கே பெயர்போன அக்கா சொன்னார் இதை! பாதியில் ஏறிய கோப்புகளை மொத்தமாக அழிக்க அவர் விடவில்லை. ஒவ்வொரு பெயராக நான் வாசிக்க, யோசித்து யோசித்து அழித்தார். இடம் வந்ததும் கணினியை எழுப்பும் கோப்புகளை நெகிழ்தட்டிலிருந்து திரும்பப் போட்டோம். நெகிழ்தட்டை வெளியே எடுத்துவிட்டு மறுபடி தொடக்கினோம்.

எழும்பியது! நாடகத்தைத் திறந்தார். யூதாஸ் பேசிக்கொண்டிருந்தான், ஓர் எழுத்தும் குறையாமல்.

அக்கா யன்னலைத் தள்ளித் திறந்து, இறங்குதுறைப் பக்கம் பார்த்துக் கத்தினார்: “இருக்குது! எல்லாம் இருக்குது!” வலை காயவிட்டுக்கொண்டிருந்தவர்கள் என்ன ஏது என்று தெரியாமலே கைதட்டினார்கள்.

அவருடைய படம் ஒன்றுகூட என்னிடம் இல்லை. அந்தச் சத்தம் இருக்கிறது. எனக்கு அது காணும்.