வெளியிலிருந்து எதையும் கொண்டுவராத இயக்குநர்

அந்த மனிதரைப் பற்றி இப்போது எல்லோரும் நல்லதாகவே எழுதுகிறார்கள். பிரெஞ்சு சினிமாவின் கடைசி நேர்மையாளர் என்கிறார்கள். பிடிவாதக்காரர் என்கிறார்கள், அதையும் பாராட்டாகத்தான் சொல்கிறார்கள். உயிரோடிருந்தபோது அவருக்கு ஒரு தேநீர் வாங்கிக் கொடுக்க ஆளிருக்கவில்லை. மொன்றியாலின் மறுகரையில், லொங்குய்யில் ஒரு பழைய மாணவனுடைய வீட்டு பேஸ்மென்டில் தங்கியிருந்தார். அங்கிருந்து மெட்ரோ பிடித்து, இடையில் மாறி, பிறகு பஸ் ஏறி அஹுன்ட்சிக்கில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்து சேரும்போது அவருடைய உதடு நீலம் பாரித்திருக்கும். அம்மா கதவைத் திறந்ததும் முதலில் அவருடைய கையைத்தான் பார்ப்பார். எவ்வளவு குளிரிலும் அந்த மனிதர் கையுறை போடமாட்டார்.

பிரான்சின் வடக்கே ஒரு துறைமுக ஊரில் பிறந்தவர். தகப்பனுக்கு மீன் தொழிற்சாலையில் வேலை. இளம் வயதில், அந்தத் தொழிற்சாலைப் பெண்களையே நடிக்கவைத்து அவர் எடுத்த முதல் படம் பெரிய விழா ஒன்றில் பரிசு வாங்கியது. அன்றைக்குப் பிடித்த சனிதான், பிறகு விடவில்லை. இரண்டாவது படம் படுத்துவிட்டது. அதன் பிறகு ஒவ்வொரு படத்துக்கும் வருடக் கணக்காகக் கதவு தட்டியிருக்கிறார். மனைவி பொறுத்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். வீடும் போனது. இதையெல்லாம் எங்கள் சமையலறை மேசையில் இடியப்பமும் சொதியும் சாப்பிட்டபடி, வேறு யாருக்கோ நடந்ததைப் போலச் சொன்னார். நான் மொழிபெயர்க்க, அம்மா உச்சுக்கொட்டிக்கொண்டே இன்னும் இரண்டு இடியப்பம் வைப்பார்.

"மனுசன் பட்ட பாட்டைப் பார். இன்னும் கொஞ்சம் சொதி விடட்டோ எண்டு கேள், பிள்ளை."

ஆஸ்பத்திரிகளில் நம்மவர்களுக்கு பிரெஞ்சு மொழிபெயர்ப்பதுதான் என் வேலை. அப்படி யாரோ சொல்லித்தான் படக்காரர்கள் என்னைத் தேடி வந்தார்கள். மகனைச் சாகக் கொடுத்த ஒரு தமிழ்க் குடும்பத்தின் ஒரே ஒரு நாள், அதுதான் கதை. பாரிஸில் எல்லோரும் கைவிரித்த பிறகு மொன்றியாலில் ஒரு தயாரிப்பாளர் சம்மதித்திருந்தார். பனிக்காலம் முடிவதற்குள் படப்பிடிப்பை முடிக்கவேண்டும் என்பது நிபந்தனை. அதைவிடப் பெரிய நிபந்தனை ஒன்று அவருடைய நுரையீரலில் இருந்தது. இதுதான் கடைசி என்று அவருக்குத் தெரியும். இருமல் வந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார். நின்று முடிந்ததும், எங்கே விட்டோம் என்று கேட்பார்.

உண்மையான வீடு ஒன்று வேண்டும் என்றார். அம்மாவிடம் கேட்டேன். அந்த மனுசன் பாவம், எடுத்திட்டுப் போகட்டும் என்று அம்மா சொல்லிவிட்டார்.

அவருக்கு இரண்டு விதிகள். படம் எடுக்கும் வீட்டுக்குள் வெளியிலிருந்து எதையும் கொண்டுவரக் கூடாது. கோப்பை, சட்டை, விளக்கு எதுவானாலும் அந்த வீட்டில் ஏற்கனவே இருந்ததாக இருக்கவேண்டும். மற்றது, ஆட்கள் உள்ளே வரும் முன்பே கமெரா ஓடத் தொடங்கிவிட வேண்டும். முதல் படத்திலிருந்தே இப்படித்தானாம். வறுமையில் தொடங்கிய பழக்கம், பிறகு அதுவே அவருடைய மதமாகிவிட்டது.

இனி என் தம்பியைப் பற்றிச் சொல்லவேண்டும். அப்பாவின் படம் எங்கள் வரவேற்பறைச் சுவரில், சந்தனப் பொட்டோடும் மாலையோடும் இருந்தது. தம்பியின் படம் அம்மாவின் அறையில், கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தது. ஊரில் நடந்த கடைசி யுத்தத்தில் காணாமற் போனவன் அவன். ஆமிக்காரர் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனதைக் கண்டோம் என்றவர்கள் இருக்கிறார்கள். அதற்குப் பிறகு கண்டவர்கள் யாருமில்லை. செத்தவர்களுக்கான அந்தியேட்டிக் கிரியையைச் செய்துவிடுங்கள் என்று சொன்ன சொந்தக்காரர்களோடு அம்மா கதைப்பதை நிறுத்திவிட்டார். அவனுடைய படத்துக்கு ஒரு பூக்கூட வைத்ததில்லை. வைத்தால் செத்துப்போனான் என்று தன் கையாலேயே ஒப்புக்கொண்டதாகிவிடும். காலையில் தூசு துடைப்பார், அவ்வளவுதான். அவனைப் பற்றி நாங்கள் வெளியாருக்குச் சொல்வதில்லை. இயக்குநருக்கும் சொல்லவில்லை.

அன்று வெள்ளிக்கிழமை. அப்பாவின் படத்துக்காக அம்மா காலையிலேயே செவ்வந்தி மாலை கட்டி, ஈரத்துணியில் சுற்றி, சமையலறையில் வைத்துவிட்டுக் கோயிலுக்குப் போயிருந்தார். பூசை முடிந்ததும் அவரைக் கூட்டிவர நான் காரில் போனேன். வீட்டில் படக்குழு மட்டும். இறந்த மகனின் படத்துக்கு முன்னால் விளக்கு எரியும் காட்சியை அன்று எடுக்கவேண்டியிருந்தது. அவர்களுக்கு ஓர் இளைஞனின் புகைப்படம் தேவைப்பட்டது. வெளியிலிருந்து கொண்டுவர முடியாது. வீடு முழுக்கத் தேடியதில் ஒரே ஒரு படம்தான் கிடைத்தது. இறந்தவர் படத்துக்கு எங்களில் என்ன செய்வார்கள் என்று முதல்நாள் அவர் கேட்டபோது, அப்பாவின் படத்தைக் காட்டி விளக்கியது நான்தான். அவர் அதை அப்படியே, ஒன்றுவிடாமல் செய்திருந்தார்.

அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு நிமிர்ந்தார். வரவேற்பறை மேசையில் தம்பி. நெற்றியில் சந்தனப் பொட்டு, கழுத்தில் அப்பாவின் மாலை, முன்னால் எரியும் குத்துவிளக்கு.

அம்மா கத்தவில்லை. கத்தியிருக்கலாம் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். அவர் மேசைக்குப் போய், மாலையைக் கழற்றினார். சேலைத் தலைப்பால் கண்ணாடியிலிருந்த சந்தனத்தைத் துடைத்தார், திரும்பத் திரும்பத் துடைத்தார். பிறகு மாலையிலிருந்து ஒரு பூவைக் கிள்ளி, அதனால் விளக்கை அணைத்தார். அந்த நேரத்திலும் ஊதி அணைக்கவில்லை. படத்தை நெஞ்சோடு அணைத்தபடி அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். அப்போதுதான் கமெரா ஓடிக்கொண்டிருந்ததை நான் கண்டேன்.

இயக்குநர் அழுதுகொண்டிருந்தார். நாற்பது வருடமாக இந்த ஒரு காட்சியைத்தான் தேடினேன் என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவரைப் பிடித்து வெளியே தள்ளியிருப்பேன். அவன் சாகவில்லை, அவன் என் தம்பி, காணாமற் போனவன், இப்போதே அழியுங்கள் என்று பிரெஞ்சிலும் தமிழிலும் கத்தினேன். அவருடைய முகம் செத்துப்போனது. ஆனால் அழிக்கிறேன் என்று அவர் சொல்லவில்லை. எனக்கு இதைவிட வேறொன்றுமில்லை மாதாம், என்றார். அவர் என்னைக் கெஞ்சினார். நோயாளியைத் திட்டக் கூடாது என்பார்கள், நான் திட்டினேன்.

அடுத்த நாள் கமெராவை மட்டும் தூக்கிக்கொண்டு தனியாக வந்தார். இரவெல்லாம் தூங்கவில்லை என்பது கண்ணில் தெரிந்தது. அம்மா சொன்னால் அவர் முன்னாலேயே அழித்துவிடுகிறேன் என்றார். அம்மா அவரை இருக்கச் சொன்னார். தேத்தண்ணி வைத்தார். பிறகு என்னிடம் திரும்பினார்.

"இந்தப் படம் எந்தெந்த நாட்டிலை ஓடும் எண்டு கேள்."

கேட்டேன். அவர் பொய் சொல்லியிருக்கலாம். பிரான்சில் சில ஊர்களில் ஓடும், ஏதாவது விழாக்களில் காட்டுவார்கள், என் படங்களை அதிகம் பேர் பார்ப்பதில்லை என்றார். நானும் அப்படியே சொன்னேன்.

"கனபேர் பாக்கத் தேவையில்லை. பிரான்சிலை எங்கட சனம் இருக்குது. அவனைக் கண்ட ஒரு ஆள் பாத்தால் காணும். அவன்ரை முகம் வடிவாத் தெரியுதோ?"

தெரியவில்லை. மாலை கன்னத்தை மறைத்திருந்தது, கண்ணாடியில் விளக்கின் வெளிச்சம் அடித்தது. இதை அவர் சொன்னதும் அம்மா எழுந்துபோய்த் தம்பியின் படத்தைக் கொண்டுவந்து, மடியில் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு இருந்தார்.

"அதையும் வைச்சிருக்கட்டும், இதையும் எடுக்கச் சொல்லு."

ஒரு பொருளைத் தூக்கிக் கமெராவுக்குக் காட்டச் சொல்வது விளம்பரக்காரன் வேலை என்று அவரே எனக்கு வகுப்பெடுத்திருக்கிறார். இப்போது அவரே கமெராவைத் தோளில் வைத்தார். தூக்க முடியாமல் தூக்கினார், இருமலை அடக்கியதில் கழுத்து நரம்பு புடைத்தது. அம்மா போதும் என்று சொல்லும்வரை எடுக்கிறேன் என்றார். அம்மா காணும் என்று சொல்லவேயில்லை. கமெராவில் இடம் நிறைந்து, அது தானாகவே நின்றது.

அதுதான் அவர் எடுத்த கடைசிக் காட்சி. பனி கரைவதற்குள் ஆஸ்பத்திரிக்குப் போனார், திரும்பி வரவில்லை. சுவாசக் குழாயோடு கிடந்தவர் என் கையைப் பிடித்து, இரண்டு காட்சியும் இருக்கும், இரண்டும் இருக்கவேண்டும் என்று தயாரிப்பாளரிடம் சொல்லிவிட்டேன் என்றார். நான் நம்பினேன். அம்மா அவருக்காக ஒரு நேரம் சாப்பிடாமல் இருந்தார்.

பாரிஸில் யாரோ படத்தைத் தொகுத்து முடித்தார்கள். காட்டப்போவதற்குச் சில நாட்கள் முன்பு தயாரிப்பாளர் எனக்கு இணையத்தில் பார்க்க அனுப்பினார். வேலைக்கு லீவு போட்டு, காருக்குள் இருந்து கைபேசியில் பார்த்தேன். மாலையும் விளக்கும் முழுதாக இருந்தன. அம்மா சந்தனத்தைத் துடைப்பது இருந்தது. பூவால் விளக்கை அணைப்பது இருந்தது. அதோடு படம் முடிந்து எழுத்துகள் ஓடத் தொடங்கிவிட்டன. தம்பியின் முகம் எங்கேயும் இல்லை. பின்னால் இழுத்து, திரும்பவும் இழுத்துப் பார்த்தேன். இல்லை.

தயாரிப்பாளருக்குப் போன் எடுத்து மன்றாடினேன். ஒரு நிமிடமாவது, எழுத்துகள் ஓடும்போதாவது போடுங்கள் என்றேன். அவர் மரியாதையாகத்தான் பேசினார். அந்தக் காட்சி படத்தோடு ஒட்டவில்லை, விளக்கு அணைவதுதான் முடிவு, அவருடைய வாழ்க்கையிலேயே சிறந்த முடிவு என்றார். ஊரறிய என் தம்பிக்கு மாலை போட்டு, முகத்தை மறைத்து வைத்திருக்கிறார்கள். யாரைத் திட்டுவது? திட்டவேண்டிய மனிதர் செத்துப்போய்விட்டார், அவர்மேல் பிழையுமில்லை. அம்மாவிடம் இதை எந்த மொழியில் சொல்வது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

பிரான்சில் படம் காட்டிய அன்று அம்மா காலையிலேயே தலை தோய்ந்து, நல்ல சேலை உடுத்திக்கொண்டு வந்து வரவேற்பறையில் இருந்தார். தொலைபேசியை மடியில் வைத்திருந்தார். பின்னேரம் என்னைக் கூப்பிட்டார்.

"படம் முடிஞ்சிருக்குமோ பிள்ளை?"

"ஓம் அம்மா, முடிஞ்சிருக்கும்."

அம்மா தொலைபேசியைப் பார்த்தார். சத்தம் கூட்டி வைத்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி என்னிடம் நீட்டினார். கூட்டித்தான் வைத்திருந்தது.

"அங்கை இப்ப இரவெல்லே. இரவிலை ஆர் போன் எடுக்கிறது? விடிய எடுப்பாங்கள்."

"ஓம் அம்மா," என்றேன், "விடியத்தான் எடுப்பாங்கள்."