தையல் கூடத்தில் செய்த சத்தியம்

கத்திரிக்கோலின் முனை குளிர்ச்சியாக இருக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். என் கழுத்தில் பட்டது சூடாக இருந்தது. காலையிலிருந்து அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு துணி வெட்டியிருக்கிறாள். காதுக்குக் கீழே, நரம்பு துடிக்கிற இடத்தில் அதை வைத்து, இன்னொரு கையால் என் பின்னலைச் சுற்றிப் பிடித்திருந்தாள். "அசையாதக்கா, எனக்குக் கை நடுங்குது" என்றாள்.

அப்போது நான் ஒரு பெண்கள் சிறையில் வார்டர். ஊர் செஞ்சி, விடுப்பு கிடைக்கும்போது பஸ் பிடித்து வீட்டுக்கு வந்து போவேன். என் பின்னலைப் பிடித்திருந்தவள் செஞ்சிக்குப் பக்கத்து அனந்தபுரத்துப் பெண், கணவன் இறந்த வழக்கில் உள்ளே வந்த விசாரணைக் கைதி. எங்கள் பக்கத்துப் பேச்சு என்பதால் என்னோடு அதிகம் ஒட்டினாள். ஊருக்குப் போய்வந்தால், "செஞ்சில மழ பெஞ்சுதாக்கா?" என்று கேட்பாள். அவளுடைய மகளும் அவளோடு உள்ளேதான் இருந்தாள். தாயோடு இருக்கும் குழந்தையை ஆறு வயது வரைக்கும்தான் சிறையில் வைத்துக்கொள்ளலாம். அதன் பிறகு உறவினர் யாராவது வந்து கையெழுத்துப் போட்டுக் கூட்டிப்போக வேண்டும், இல்லாவிட்டால் காப்பகம். அவளுடைய அக்கா கூட்டிப்போகிறேன் என்று சொல்லியிருந்தாள். அக்காவின் கணவன் சம்மதிக்காமல் இழுத்தடித்துக்கொண்டிருந்தான். அதற்குள் குழந்தைக்கு ஆறு வயது முடிந்து, அன்றே காப்பகத்துக்கு அனுப்பச் சொல்லிக் காலையில் உத்தரவு வந்துவிட்டது. இரண்டு நாள் பொறுங்கள் என்று அவள் எல்லோர் காலிலும் விழுந்து பார்த்தாள். மதியம் தையல் கூடத்தில் நான் அவள் பக்கத்தில் போய் ஆறுதலாகப் பேசக் குனிந்தேன். அப்போதுதான் பின்னலைப் பிடித்தாள்.

கைதியிடம் பிணையாக மாட்டிக்கொண்டால் என்ன செய்ய வேண்டும் என்று பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். திமிறாதே, வீரம் காட்டாதே, மெதுவாகப் பேசு. கைதியின் பிடியில் இருக்கிற அதிகாரி எவ்வளவு பெரியவராக இருந்தாலும் அவர் சொல்லுக்குக் கதவைத் திறக்காதே. வெளியே இருப்பவர்கள் அவசரப்படக் கூடாது. நேரம் போகப் போகக் கோபம் ஆறும். எல்லாவற்றுக்கும் மேலாக, செய்ய முடியாததைச் செய்கிறேன் என்று சொல்லக் கூடாது. இந்தக் கடைசி விதியை எங்கள் ஜெயிலரம்மா அடிக்கடி சொல்வார். "நம்ம கிட்ட துப்பாக்கி இல்ல. நம்ம சொல்றத அவங்க நம்பறாங்க, அதனாலதான் இத்தன பேர நாம கொஞ்ச பேரு வச்சிருக்க முடியுது." நான் அவரை மிகவும் மதித்தேன். கைதிகளை வாடி போடி என்று ஒருநாளும் பேசாதவர்.

அன்றும் அவர் வந்த விதம் அருமையாகத்தான் இருந்தது. மற்றக் கைதிகளை வெளியே அனுப்பினார். லத்தியோடு நின்றவர்களைக் கண்ணில் படாத தூரத்துக்குப் போகச் சொன்னார். தொப்பியைக் கழற்றித் தையல் மெஷின் மேல் வைத்துவிட்டு, ஒரு முக்காலியை இழுத்துப்போட்டு, எங்களைவிடத் தாழ்வாக உட்கார்ந்தார். "தண்ணி குடிக்கிறியாம்மா?" என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. அவள் வேண்டாம் என்று தலையாட்டியபோது முனை என் தோலைக் கீறியது. சட்டைக் காலருக்குள் ரத்தம் இறங்குவது தெரிந்தது. ஜெயிலரம்மா அதைப் பார்த்தார், முகம் மாறவில்லை. குழந்தை என்ன சாப்பிடும், யாரிடம் தூங்கும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அவள் பதில் சொல்லச் சொல்ல அவளுடைய மூச்சு நிதானமாவதை என் பிடரியில் உணர்ந்தேன்.

பிறகு அக்காவின் நம்பரை வாங்கி, அவள் காதிலும் விழும்படி போனில் பேசினார். அந்தப் பக்கம் அழுகை. "நாளைக்கு காலைல மொத பஸ்ஸுக்கு வந்துடறன்டி. உங்க மாமாவும் வராரு. நாங்களே பாப்பாவ இட்டுகினு போறோம். நீ அந்த மேடத்த வுட்டுடு, உனுக்குப் புண்ணியமா போவுது."

அந்தக் குரலைக் கேட்டதும் அவள் கை தளர்ந்தது. கத்திரிக்கோல் என் கழுத்தை விட்டு இறங்கி முதுகுப் பக்கமாகத் தொங்கியது. என் பின்னலைப் பிடித்தபடி, கழுத்தை மறைத்துத் தோளில் தலை கவிழ்த்து அழுதாள். எதிரே தாழ்வாக உட்கார்ந்திருந்த ஜெயிலரம்மாவுக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை. அவர் நிதானமாகச் சொன்னார்: "உங்க அக்கா வர்ற வரைக்கும் பாப்பா இங்கதான் இருக்கும். எங்கேயும் அனுப்ப மாட்டேன். என் புள்ளைங்க மேல சத்தியம்."

அவள் என்னைக் கேட்டாள். "நம்பலாமாக்கா?"

"அம்மா சொன்னா செய்வாங்க" என்றேன். அவள் கத்திரிக்கோலைத் திருப்பி, கைப்பிடி என் பக்கம் வரும்படி கொடுத்தாள்.

கழுத்தில் கட்டுப் போட்டுக்கொண்டு நேராகக் குழந்தைகள் அறைக்குப் போனேன். உன்னைப் பெரியம்மா வந்து கூட்டிப்போவாள் என்று நானே சொல்ல நினைத்தேன். குழந்தையின் தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். அங்கே பொறுப்பில் இருந்தவர், "வண்டி அப்பவே போயிடுச்சே. தையல் கூடத்துக்குப் போறதுக்கு முன்னாடியே அம்மா அனுப்பச் சொல்லிட்டாங்க" என்றார்.

ஓடிப்போய்க் கேட்டேன். ஜெயிலரம்மா கண்ணை மூடி நாற்காலியில் சாய்ந்திருந்தார். "உன் உயிருக்காகத்தான் சொன்னேன்" என்றார். ஆனால் அந்தப் பொய்க்கு என் வாயையும் சேர்த்துக்கொண்டார். அவள் நம்பியது அவரையல்ல, என்னை.

மறுநாள் காலை அக்காவும் மாமாவும் சொன்னபடியே வந்தார்கள். அக்கா கையில் புதுக் கவுன் இருந்தது. குழந்தை இல்லை என்று அவர்களிடம் சொல்லும் வேலையும் எனக்கே வந்தது. காப்பகத்துக்கும் அலுவலகத்துக்குமாக மாதக்கணக்கில் அலைந்துதான் அவர்கள் குழந்தையை மீட்டார்கள். அவள் மேல் என்னைப் பிடித்து வைத்ததற்கு இன்னொரு வழக்கு விழுந்தது; வேறு சிறைக்கு மாற்றினார்கள். போகிற அன்று வாசலில் என் முன்னால் நின்று, "போய்ட்டு வரேன் மேடம்" என்றாள். அக்கா என்று கூப்பிடவில்லை.

அதோடு முடியவில்லை. அடுத்த வருடம் ஒருத்தி தண்ணீர்த் தொட்டி மேல் ஏறிக் குதிக்கப் போகிறேன் என்று நின்றாள். ஜெயிலரம்மா கீழே நின்று அதே பொறுமையோடு பேசினார். அவள் கேட்டது ஒன்றே ஒன்று: "அந்தப் பாப்பாவ வச்சிருந்தீங்களே, அந்த மாதிரியா?" குதித்துவிட்டாள். இரண்டு காலும் போயிற்று.

நான் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்து, செஞ்சி கடைத்தெருவில் என் கணவரின் பாத்திரக் கடையில் உட்கார்ந்திருக்கிறேன். போன வாரம் ஜெயிலரம்மா காரில் வந்து இறங்கினார். தலை முழுக்க நரைத்துவிட்டது. புதிதாகச் சேர்ந்த காவலர்களுக்கு, பிணைச் சம்பவத்தை எப்படிக் கையாள்வது என்று வகுப்பு எடுக்கக் கூப்பிட்டிருக்கிறார்களாம். நம்முடைய சம்பவத்தைத்தான் சொல்லப்போகிறேன், நீயும் வந்து பிடியில் இருந்தவளாகப் பேசு என்றார். டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, "குழந்த விஷயம் மட்டும் வேணாம். புதுசா வந்தவங்க, குழம்பிடுவாங்க" என்றார்.

இத்தனை வருடம் யாரும் கேட்காததால் சொல்லாமல் இருந்ததை அப்போது சொன்னேன். "நீங்க சத்தியம் பண்ணப்ப என் கழுத்துல கத்திரிக்கோல் இல்லைங்கம்மா. அவ அக்கா பேசினப்பவே எறக்கிட்டா. அழுதுகினு இருந்தா, அவ்ளோதான். நாளைக்குப் பேசலாம்னு சொல்லியிருந்தாலும் குடுத்திருப்பா."

கடைக்கு வந்த ஒருவர் குக்கர் மூடிக்கு ரப்பர் கேட்டார். எடுத்துக் கொடுத்து அனுப்பினேன். ஜெயிலரம்மா டம்ளரைக் கீழே வைத்தார். "தெரிஞ்சிருந்தாலும் என்ன பண்றது? வண்டி போயிடுச்சே."

வருத்தமாகச் சொன்னாரா, தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாரா என்று எனக்குப் புரியவில்லை. நான் வகுப்புக்கு வருகிறேன் என்றேன். வண்டி எப்போது போனது என்பதையும் சொல்வேன் என்றேன். அவர் எழுந்து புடவையைச் சரிசெய்துகொண்டு, பழைய பழக்கத்தில், "அன்னிக்கு கார் அனுப்பறேன், சேர்ந்தே போயிடலாம்" என்றார்.

"வேணாங்கம்மா" என்றேன். "நான் பஸ்ல வந்துடறேன்."