மூணாவது வளைவும் தலைகீழ் லாரியும்

பொன்னுவேலுக்குக் கோபம் வந்தால் முதலில் காது சிவக்கும், அப்புறம்தான் வாய் திறக்கும். அந்த வாரம் முழுக்க மனுசனுக்குக் காது சிவந்தபடியேதான் இருந்தது.

இருபது வருசமாக ஏற்காட்டில் ஒரு எஸ்டேட்டுக்கு ஜீப்பு ஓட்டுகிறார். ஊர் செம்மநத்தம். மகள் வெண்ணிலா சேலத்தில் நர்சிங் படிக்கிறாள். விடிகாலையில் ஒண்டிக்கடை முக்கு வரைக்கும் நடந்து வந்துதான் பஸ் பிடிக்க வேண்டும். போன மாசம் காட்டெருமை ஒன்று நடுரோட்டில் நின்றுகொள்ள, பிள்ளை முக்கால் மணி நேரம் பாறை மேல் ஏறி உட்கார்ந்திருந்தாள். "இந்த மாசத்தோட படிப்பு போதும், புள்ள உசுரோட இருந்தாச் சரி" என்று சொல்லிவிட்டாள் அவர் மனைவி மலர். ஜீப்பில் கொண்டுவிடலாமே என்றால், அந்த நேரத்துக்கு அவர் எஸ்டேட் வேலையாட்களை ஏற்றக் கிளியூர்ப் பக்கம் போயாக வேண்டும். எஸ்டேட் வண்டி, சொந்த வண்டி இல்லையே.

ஊருக்கு மினி பஸ் கேட்டுப் போக்குவரத்து ஆபீசில் மனு கொடுத்தார். "உங்க ஊரு ரோட்டு மூணாவது வளைவுல பஸ் திரும்பாது" என்று ஆபீசர் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார். நேரில் வந்து பார்க்கவும் மாட்டாராம். வெள்ளிக்கிழமைக்குள் ஆதாரம் கொண்டுவா என்றார்.

அதிர்ஷ்டம் பாருங்கள், மறுநாளே சில்வர் ஓக் மரம் ஏற்றிய லாரி ஒன்று அந்த வழியாக இறங்கியது. மினி பஸ்ஸைவிட நீளம். பொன்னுவேல் ஜீப்பில் பின்னாலேயே போய்ப் போனில் வீடியோ எடுத்தார். லாரி ஒரே ஒடிப்பில் திரும்பியது. எல்லாம் சரி, ஜீப்பிலிருக்கும் சார்ஜர் ஒயர்தான் குட்டை. ரெக்கார்டை அமுக்கிய பிறகு, ஒயர் எட்டவில்லையென்று போனைத் தலைகீழாகத் திருப்பி ஸ்டாண்டில் மாட்டியிருந்தார். பார்த்தால் லாரி ஆகாயத்தில் தலைகீழாக ஓடுகிறது! போனைக் கவிழ்த்துப் பிடித்தால் படமும் கூடவே திரும்பித் தொலைத்தது. மறுபடி எடுக்கலாமென்றால் லாரி போயே போச்சு. மேகம் வேறு இறங்கி, நீட்டிய கை தெரியவில்லை.

ஒண்டிக்கடையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் பாலகுமாரிடம் ஓடினார்.

"இதென்னங்கண்ணா, நிமித்தறதுக்கு ஃப்ரீயாவே ஆயிரம் சாஃப்ட்வேர் இருக்குதுங்க."

இருந்தது, யார் இல்லையென்றது? ஒரு சாஃப்ட்வேர் அரை மணி நேரம் சுற்றிவிட்டுக் கடைசியில் பணம் கட்டு என்றது. ஒன்று நிமிர்த்திக் கொடுத்துவிட்டு, தன் பெயரைச் சரியாக வளைவின் மேலேயே கொட்டை எழுத்தில் ஒட்டிவைத்தது. இன்னொன்றோடு விளம்பரங்களும் குடிவந்து கம்ப்யூட்டரே படுத்துவிட்டது.

"ஓசின்னு சொல்லிப்போட்டுக் கழுத்தறுக்கறானுங்களே! ஒரு லாரிய நிமித்த இத்தன நாடகமா?" என்று பொன்னுவேல் மேசையை அறைந்ததில், ஆதார் ஜெராக்ஸுக்கு வந்த அம்மாள் வெளியே போய் நின்றுகொண்டார்.

வெள்ளிக்கிழமை காலையில் நாலாவது ஒன்று நிமிர்த்திக் கொடுத்தது. பழசையும் புதுசையும் பென் டிரைவில் வாங்கிக்கொண்டு பறந்தார்.

ஆபீசர் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். "ஏம்ப்பா, எறங்கும்போது பள்ளம் இடது பக்கம்தான இருக்கும்? இதுல வலதுல இருக்குது. லாரி நம்பரும் திரும்பி நிக்குது. எந்த ஊரு ரோட்டைக் காட்டி ஏமாத்தற?"

அந்தப் பாழாய்ப்போன சாஃப்ட்வேர் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடதை வலதாக்கி வைத்திருந்தது. பொன்னுவேலின் காது மிளகாய்ப்பழமாகிவிட்டது. பழைய வீடியோவையே ஓடவிடச் சொன்னார். எழுந்துபோய் மேசை மேலிருந்த கம்ப்யூட்டர் திரையை இரண்டு கையாலும் தூக்கி, தலைகீழாகப் பிடித்துக்கொண்டார்.

"இப்பப் பாருங்க சார். எத்தன நேரமானாலும் புடிச்சுக்கறேனுங்க."

பள்ளம் இடது பக்கம் வந்தது, லாரி நம்பர் நேரானது, லாரி திரும்பியது. ஆபீசர் இன்னொரு தரம் ஓடவிட்டுப் பார்த்தார். அப்புறம் பேனாவை எடுத்து, திங்கட்கிழமையிலிருந்து மினி பஸ்ஸை ஓட்டிப் பார்க்கச் சொல்லி எழுதிக் கொடுத்தார்.

சாயங்காலம் வீட்டில் விசயத்தைச் சொன்னதும் வெண்ணிலா போனை வாங்கி எங்கேயோ இரண்டு தட்டுத் தட்டினாள். லாரி நிமிர்ந்துகொண்டு ஒழுங்காக ஓடியது.

"இது போன்லயே இருக்குதுப்பா. ஒரு நிமிச வேலை. ஏம்ப்பா என்னைக் கேக்கல?"

பொன்னுவேலுக்குக் காது சிவக்கத்தான் பார்த்தது. ஆனால் குரல் இறங்கிவிட்டது. "கேட்டா எதுக்குன்னு கேப்ப கண்ணு. பஸ்ஸு வருதுன்னு சொல்லி வராமப் போச்சுன்னா, உம் மூஞ்சிய நான் எப்புடிப் பாக்கறது?"

வெண்ணிலா அந்த லாரியை இன்னொரு தரம் ஓடவிட்டாள். அடுப்படியிலிருந்து மலர் கேட்டாள்:

"ஏனுங்க, திங்கக்கெழம பஸ்ஸு எத்தன மணிக்குங்க? புள்ளைக்குச் சோறு கட்டோணும்."